காவலரை ஏமாற்றும் புழு!

திருவாலங்காட்டில் இரவு பத்து மணி. ரத்தின சபைக் கோவிலின் நடை சாத்தியாகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் ஒருவர் அயர்ந்து தூங்குகிறார். சாக்கடையில் பிறந்த கொசு ஒன்று அவர் காலில் உட்காருகிறது.

"கொசுக்கடிதானே!" என்று நினைக்காதீர்கள். அது யானைக்கால் நோய்க் கிருமியைச் சுமந்து வரும் கொசுவாகவும் இருக்கலாம். ஒரு கடியில் நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில் கடிபட்டால், புழு உடம்புக்குள் குடியேறிவிடும்.

காவலர்கள் எங்கே?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் உடலின் காவலர்கள். முள் குத்தினால்கூட ஓடி வருவார்கள். அந்தக் காவலர்கள் நடமாடும் நிணநீர்க் குழாயிலேயே இந்தப் புழு வசிக்கிறது! பெண் புழு 10 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். 5 முதல் 8 ஆண்டுகள் உயிர் வாழும்.

எப்படி? "சண்டை போதும், அடங்குங்கள்" என்று காவலர்களுக்குச் சொல்லும் அணுக்களும் நம் உடலில் உண்டு. புழு சில பொருட்களைக் கசியவிட்டு அந்த அணுக்களைத் தூண்டிவிடுகிறது. காவலர்கள் அடங்கிவிடுகிறார்கள்.

இரவில் வரும் குஞ்சுகள்

1872-ம் ஆண்டு கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ், மனித ரத்தத்தில் இப்புழுவின் குஞ்சுகளைக் கண்டார். 1877-ல் சீனாவில் டாக்டர் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார்.

குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பதுங்கும். கொசு கடிக்கும் இரவு நேரத்தில் வெளியே உலாவும். இரவில் ரத்தம் எடுத்துச் சோதிப்பது இதனால்தான்.

பல பேருக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் நிணநீர்க் குழாய் மெல்லக் கெடுகிறது. பல ஆண்டுகள் கழித்துக் கால் வீங்குகிறது. இது பாவத்தின் பலன் அல்ல. தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

மாத்திரைக்குப் பயமா?

1955-ல் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது. 2004 முதல், நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. மாத்திரை தின்ற சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. ஊரார் பயந்தார்கள்.

உண்மை என்ன? குஞ்சுகள் சாகின்றன, காவலர்கள் விழித்துக்கொண்டார்கள்! அதனால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு மாத்திரை கிடையாது. மற்றவர்களே, மாத்திரை கொடுக்க வந்தால், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

சத்தம் கேட்கவில்லை என்றால், வீட்டில் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா?