'ஓகே' பட்டன் இடதா, வலதா? செட்டிங்ஸ் திரையின் சின்ன இடைவெளி ஏன் உங்களுக்கு முக்கியம்?

ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் மேக். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவரா நீங்கள்? அப்படியென்றால் ஒருமுறையாவது 'கேன்சல்' அழுத்த நினைத்து 'ஓகே'யை அழுத்தியிருப்பீர்கள். நம்முடைய கவனக்குறைவுதான் என்று நம்மையே திட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் தப்பு பல நேரங்களில் நம்முடையது இல்லை, திரையுடையது.

ஒரு திரை, 90 கோடி டாலர்

2020 ஆகஸ்ட். அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வங்கிக்குள்ளேயே ஒரு கணக்கில் தங்க வேண்டும். அதற்கு அந்த சாஃப்ட்வேரில் 'பிரின்சிபல்', 'ஃப்ரன்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று பெட்டிகளையும் டிக் செய்திருக்க வேண்டும். டிக் ஆனது ஒன்று மட்டும்.

இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் இருவரும், அமெரிக்காவில் இருந்த அதிகாரி ஒருவரும் சரிபார்த்தார்கள். மூவருமே சரி என்றுதான் நினைத்தார்கள். 'பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா?' என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது. வட்டி எப்படியும் வெளியேதானே போக வேண்டும்? எவ்வளவு பணம் என்பதை அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. விளைவு, வங்கியின் சொந்தப் பணம் கிட்டத்தட்ட 90 கோடி டாலர் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்விட்டது.

சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

எந்த வரிசை சரி?

விண்டோஸில் வழக்கமாக 'ஓகே' முதலில், 'கேன்சல்' அதற்கு வலதுபுறம். வாசிக்கும் வரிசையில் முதலில் வருவது முக்கியமானது என்பது அதன் தர்க்கம். மேக்கில் பெரும்பாலும் தலைகீழ். முக்கிய பட்டன் வலது ஓரத்தில், அதாவது கண் கடைசியாக வந்து நிற்கும் இடத்தில் இருக்கும்.

இரண்டுமே சரிதான். சிக்கல் எங்கே என்றால், ஒரே ஆப்பில் ஒரு திரையில் ஒரு வரிசை, அடுத்த திரையில் வேறு வரிசை இருந்தால்தான். கை பழக்கத்தில் போகும், எழுத்தைப் படிக்காது.

வரிசையைவிட முக்கியம், பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்பது. 'ஆர்டரை கேன்சல் செய்யவா?' என்று கேட்டு, கீழே 'ஓகே', 'கேன்சல்' என்று இருந்தால் எதை அழுத்துவீர்கள்? 'ஆர்டரை ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

இடைவெளி எவ்வளவு?

1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்டறிந்த விதி எளிமையானது: இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால், கை அங்கே சீக்கிரம் போய்ச் சேரும். அப்படியானால் தவறுதலாக அழுத்தக் கூடாத பட்டனை என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். 'சேவ்' பட்டனை ஒட்டி 'டெலிட்' இருப்பது விபத்துக்கு அழைப்பு.

தொடும் இடத்தின் அளவுக்கு அறியப்பட்ட எண்கள் உண்டு:

- ஆப்பிள்: குறைந்தது 44×44 பாயின்ட்
- கூகுளின் மெட்டீரியல் டிசைன்: 48×48 டிபி
- 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 இணைய அணுகல் தரம்: 24×24 சிஎஸ்எஸ் பிக்சல், அதைவிடச் சிறிதானால் சுற்றிலும் போதிய இடைவெளி

இன்னொன்று: பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே குழுவாகப் பார்க்கும். ஒரு பெயர் மேலே உள்ள சுவிட்சுக்கும் கீழே உள்ளதற்கும் சரியாக நடுவில் நின்றால், அது எதனுடையது என்று ஊகிக்க வேண்டியதுதான்.

தமிழுக்குக் கூடுதல் சிக்கல். 'சேவ்' பட்டனின் அளவிலேயே 'மாற்றங்களைச் சேமிக்கவும்' என்று போட்டால் 'மாற்றங்களை...' என்று பாதியில் நின்றுவிடும். சேமிப்பதா, நிராகரிப்பதா? தமிழ் எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் நீள்வதால் வரிகளுக்கு நடுவிலும் அதிக இடம் தேவை.

வேண்டுமென்றே குழப்பினால்?

'சம்மதம்' பட்டன் பளிச்சென்று, 'வேண்டாம்' வெளிறிய சாம்பல் நிறத்தில். இது தற்செயல் இல்லை. இதற்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படி 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. 'வேண்டாம்' என்பதை மங்கலாகக் காட்டுவதும் அதில் உண்டு.

பிரான்சில், குக்கீயை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதிக்கப்பட்டதாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆப் உருவாக்கும் டீமில் இருந்தால், பட்டனில் வினைச்சொல் எழுதுங்கள். எச்சரிக்கையில் தொகையையோ ஃபைலின் பெயரையோ காட்டுங்கள். தமிழ் வாசகத்தைப் போட்டு ஒருமுறை போனில் பாருங்கள்.

பயன்படுத்துபவராக இருந்தால், பணமோ தனிப்பட்ட தகவலோ சம்பந்தப்பட்ட திரையில் பட்டனின் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம்.