பஸ்கள் ஏன் ஒன்றையொன்று துரத்துகின்றன?

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கே போனவர்களுக்கு இது பழக்கம். ஊர்ந்து வந்த பஸ், பின்னால் இன்னொன்று தெரிந்ததும் பறக்கும். சாரதியின் குணம் என்று திட்டுகிறோம். ஆனால் அதில் குணத்தைவிடக் கணக்குத்தான் அதிகம்.

நிமிடத்துக்கு ஒருவர் வீதம் ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்று வைப்போம். 30 நிமிட இடைவெளியில் பஸ் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 30 பேர். முதல் பஸ் 5 நிமிடம் பிந்தினால் அதற்கு 35, அடுத்ததற்கு 25. 35 பேரும் சாக்கு மூட்டைகளோடு ஏறி முடிய நேரமாகும். பஸ் இன்னும் பிந்தும். பின்னால் வருவது நிற்கும் நேரம் குறைந்து நெருங்கிவிடும். கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். 1964இல் நியூவெல், பொட்ஸ் என்ற இருவர் இதைக் கணிதமாகவே எழுதிவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு ஓட்ட வேண்டியதில்லை.

சாரதிக்கு வசூலில் பங்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் முற்றும். முன் பஸ்ஸை ஒரு நிமிடம் முந்தினால் அரை மணி நேரம் காத்து நின்றவர்கள் எல்லாரும் உங்களுக்கே. இந்தப் பரிசை வைத்துவிட்டு வேகம் கூடாது என்றால் யார் கேட்பார்?

இலங்கையில் 1958 ஜனவரி 1இல் அரசுடைமையான பஸ் சேவைக்குள் 1979இல் தனியார் மீண்டும் வந்தார்கள். அன்று முதல் இரு தரப்பும் ஒரே தடத்தில், ஒரே பயணியை நம்பி ஓடுகின்றன. 2017 ஜனவரியில் வவுனியாவில் புதிய பஸ் நிலையம் திறந்தபோது அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஊழியர்கள் அங்கே போக மறுத்ததும், தனியாரோடு இணைந்த நேர அட்டவணை இழுபட்டதும் வெறும் பிடிவாதமல்ல. எந்த நேரம் யாருக்கு என்பதுதான் வருமானமே.

வருமானத்தை வசூலிலிருந்து பிரிக்கவும் வழி உண்டு. லண்டனில் தனியார் கம்பனிகள் பஸ் ஓட்டுகின்றன. கட்டணம் நகரப் போக்குவரத்து அமைப்புக்குப் போகிறது. ஒப்பந்தப்படி சேவையை ஓட்டத்தான் கம்பனிக்குக் காசு; ஒழுங்காக ஓடினால் ஊக்கத்தொகை. நம் ‘சிசு செரிய’ பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் அரசு மானியம் தருகிறது. முழுச் செலவும் மாணவரின் கட்டணத்தில் தங்கியிருக்கவில்லை.

ஆனால் லண்டன் முறையில் ஆளில்லாத ஓட்டத்தின் நட்டம் அரசின் தலையில் விழும். ஏ-9இல் மிஞ்சுவதை மாங்குளம்–முல்லைத்தீவு போன்ற கிளைத் தடங்களுக்குக் கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு இ.போ.ச.வும் தனியாரும் வசூலை ஒரே கணக்கில் போட வேண்டும்.