சிறப்புக் குறியீடுகளைத் தட்டச்சிடல்

சிறப்புக் குறியீடுகளைத் தட்டச்சிடல் என்பது விசைப்பலகையில் தனி விசை இல்லாத °, ±, µ, ⌀, ₹ போன்ற குறியீடுகளைக் கணினியில் உள்ளிடுவதாகும். பொறியியல் வரைபடங்களிலும் அளவீட்டு அறிக்கைகளிலும் இவை இன்றியமையாதவை. வாகன, கடிகார ஆலைகளும் உதிரிப்பாகப் பட்டறைகளும் நிறைந்த ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இவை அன்றாடம் தேவைப்படுகின்றன.

எழுத்துருச் சிக்கல்

முன்பு பலர் "சிம்பல்" எழுத்துருவைத் தேர்ந்து, ஆங்கில "எம்" விசையை அழுத்தி µ குறியைப் பெற்றனர். இம்முறையில் கோப்பில் பதிவாவது "எம்" எழுத்தே; எழுத்துரு அதனை µ எனக் காட்டுகிறது. எழுத்துரு மாறினால் 10 மைக்ரோமீட்டர் என்பது 10 மில்லிமீட்டர் எனத் தோன்றும். பிழை 1000 மடங்கு. பாமினி எழுத்துருவில் எழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களாகத் தெரிவதும் இதே காரணத்தாலாகும்.

ரூபாய்க் குறிக்கும் இந்நிலை ஏற்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை இந்திய அரசு 2010 சூலை 15 அன்று ஏற்றது. உடனே வெளிவந்த சில எழுத்துருக்கள் அதனை ` குறியின் இடத்தில் வைத்தன. அவை இல்லாத கணினிகளில் ` மட்டுமே தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒருங்குறி 6.0 பதிப்பு ₹ குறிக்குத் தனி இடம் அளித்தது.

எனவே குறியீடுகளை ஒருங்குறி எழுத்தாகவே உள்ளிடுதல் வேண்டும்.

உள்ளிடும் முறைகள்

விண்டோஸ்: நம்லாக் இயங்கும் நிலையில், ஆல்ட் விசையை அழுத்தியவாறு எண் விசைத்தொகுதியில் குறியெண்ணைத் தட்ட வேண்டும்.
* ° – 0176
* ± – 0177
* µ – 0181
* × – 0215

முன்னுள்ள சுழியை விடக்கூடாது. 0177க்கு மாறாக 177 எனத் தட்டினால், பழைய டாஸ் அட்டவணையின்படி ▒ கிடைக்கும். இந்திய ஆங்கில விசைப்பலகை அமைப்பில் வலப்புற ஆல்ட், 4 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் ₹ தோன்றும்.

மைக்ரோசாப்ட் வேர்டு: 2300 எனத் தட்டி, ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் விட்டக்குறியான ⌀ கிடைக்கும். எண் விசைத்தொகுதி இல்லாத மடிக்கணினிகளுக்கு இது ஏற்றது.

லினக்ஸ்: பல செயலிகளில் கன்ட்ரோல் + சிப்ட் + யு அழுத்தி, 2300 எனத் தட்டி, என்டர் விசையை அழுத்தலாம்.

மாக்: அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் ஆப்சன் + எம் அழுத்த µ கிடைக்கும், ஆப்சன் + சிப்ட் + 8 அழுத்த ° கிடைக்கும்.

ஆட்டோகேட்: %% என்பதை அடுத்து ஆங்கில "சி" விட்டக்குறியையும், "டி" பாகைக்குறியையும், "பி" ± குறியையும் தரும். இக்குறுக்கம் அம்மென்பொருளுக்கே உரியது. மின்னஞ்சலிலோ விரிதாளிலோ ஒட்டினால் அவ்வெழுத்துக்களாகவே நிற்கும்.