சரளை அள்ளுவதற்கு முன்னால்

பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் இருக்கும் கல்வட்டங்கள், பழகாத கண்ணுக்கு வெறும் கற்குவியல். பெரிய கற்களை வட்டமாக நிறுத்தி, நடுவே பலகைக் கற்களால் அறை அமைத்து, இடைவெளியில் சிறுகற்களைக் கொட்டியிருப்பார்கள். சரளை தேடுபவருக்கு அது அள்ளத் தயாரான சரக்கு.

அங்கே 2009-இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழாய்வைத் தொடங்கினார்கள். பொதுவாக இத்தகைய வட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, குறுக்கே மண்சுவர் விட்டுத் தோண்டுவார்கள். புதைத்த அன்று போட்ட மண் எது, பின்னால் மழை கொண்டுவந்தது எது, திருடன் கை எங்கே பட்டது என்பதையெல்லாம் அந்தச் சுவரின் அடுக்குகள் காட்டிக்கொடுக்கும். கொத்துக்கரண்டியால் சுரண்டிய மண் சல்லடைக்குப் போகும். கடுகளவு மணிகள் அதில்தான் சிக்கும். எந்தப் பானையையும் அளந்து, வரைந்து, படம்பிடித்த பிறகே தொடுவார்கள்.

பொருந்தல் கல்லறை ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதே கல்லறையில் ‘வய்ர’ என்று தமிழ் பிராமியில் கீறிய பானைத் தாங்கியும் கிடைத்தது. நெல்லின் கார்பன் காலக்கணிப்பு கி.மு. 490 என்றது. மண்பாண்டத்தில் கீறிய எழுத்தை அப்படிக் கணிக்க முடியாது. மூடிய அறையில் நெல்லோடு சேர்ந்து கிடந்ததால்தான் அந்த வயது எழுத்துக்கும் வந்தது. ஒரே தேதியை நம்பிவிடலாமா என்று கல்வெட்டறிஞர் சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இன்னொரு மாதிரி கி.மு. 450 என்றது. பொக்லைன் வாரியிருந்தால் ஓடு மிஞ்சியிருக்கலாம், வயது போயிருக்கும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியும் சரளைக்குழியிலிருந்து வாரிப்போட்ட மண்ணில் கிடந்ததுதான். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அதைக் கேட்க வழியில்லை. அதே ஆண்டு அவர் அடையாளம் கண்ட அத்திரம்பாக்கத்தில் அடுக்குகள் கலையாமல் இருந்தன. அங்கே சாந்தி பப்பு குழுவினர் முறையாகத் தோண்டி, கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் சொல்ல முடிந்தது.

இங்கிலாந்தில் 1990-க்குப் பிறகு, குவாரிக்கு அனுமதி கேட்பவரே முன்னாய்வுச் செலவையும் ஏற்பது வழக்கமானது. முதலில் நிலத்தில் வரிசையாக நடந்து பார்ப்பார்கள், பிறகு சோதனைக்குழி, தேவைப்பட்டால் முழு அகழாய்வு. நம் மத்தியச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை விதிக்கிறது. பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு அந்த 100 மீட்டர் கிடையாது. பழனி மலைக்கு மட்டும் ஒரு வசதி: நடந்து பார்க்கும் வேலையை ஏசு சபைப் பாதிரியார் ஆங்லேடும் நியூட்டனும் முன்பே தொடங்கிவிட்டார்கள். மலையின் கல்திட்டைகள் பற்றிய அவர்கள் நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. குத்தகை மனுவைப் பரிசீலிப்பவர் மேசையில் அது இருந்தாலே பாதி வேலை முடியும்.