எண்ணெய் மணலில் வேலை: பயணத்திற்கு முன் தேட வேண்டிய முதல்

ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்த பிள்ளை உள்ள ஒரு வீடு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "கனடாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் வேலை, வளைகுடாவைப் போல் பன்மடங்கு சம்பளம், குடும்பத்தோடு குடியேறியும் விடலாம், எட்டு லட்சம் ஏற்பாடு செய்தால் போதும்" என்கிறார். தந்தை மனத்திற்குள் கணக்குப் போடுகிறார். தாய் தம் கைவளையல்களைப் பார்த்துக்கொள்கிறார்.

அன்பு வாசகர்களே! அந்த வளையல்கள் கழற்றப்படுவதற்கு முன்பாக அந்த வேலை எத்தகையது, அது யாருக்குக் கிடைக்கும், அதற்குரிய நேர்வழி யாது என்பனவற்றை அறிந்துகொள்வது நல்லது.

எண்ணெய் மணல் என்பது யாது?

கனடாவின் மேற்குப் பகுதியில் உள்ள ஆல்பர்ட்டா மாநிலத்தில் அதபாஸ்கா, கோல்டு லேக், பீஸ் ரிவர் ஆகிய மூன்று பகுதிகளில் இம்மணற்படிவு பரந்து கிடக்கிறது. அரபு நாடுகளில் கிணறு தோண்டி எண்ணெய் எடுப்பதைப் போன்றதன்று இது. மணலோடும் களிமண்ணோடும் நீரோடும் தார் போன்ற கெட்டியான பொருளொன்று கலந்திருக்கிறது. அதற்குப் பிட்டுமென் என்று பெயர். ஏறத்தாழ இரண்டு டன் மணலைப் பக்குவப்படுத்தினால்தான் ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் எண்ணெய் கிடைக்கும்.

மேற்பரப்பை ஒட்டியுள்ள மணலை ராட்சத இயந்திரங்களால் வெட்டி, ஒரே நடையில் 350 டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகளில் ஏற்றி ஆலைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே வெந்நீரில் கழுவிப் பிட்டுமெனைப் பிரிக்கின்றனர். ஆழத்தில் கிடப்பதைக் குழாய் வழியாக நீராவி செலுத்தி இளக்கி எடுக்கின்றனர். எடுக்கத்தக்க இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு ஆழத்தில் கிடப்பதே. வணிக அளவிலான முதல் பெரிய ஆலை 1967-இல் ஃபோர்ட் மக்மரி ஊருக்கு அருகில் தொடங்கப்பட்டது. இன்று நாளொன்றுக்கு முப்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் அங்கு எடுக்கப்படுகிறது.

யாருக்கு வேலை?

இத்தனை குழாயும் கொதிகலனும் இயந்திரமும் உள்ள இடத்திற்கு வெல்டர், பைப் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், கனரக இயந்திர மெக்கானிக், கொதிகலன் பணியாளர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், கிரேன் இயக்குநர் ஆகியோர் தேவைப்படுகின்றனர். ஆண்டுதோறும் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலங்களில் இவர்களின் தேவை மேலும் கூடும்.

ஆனால் ஆல்பர்ட்டாவில் வெல்டிங், மின்பணி போன்ற தொழில்களை அம்மாநிலச் சான்றிதழோ, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர் பதிவோ இன்றிச் செய்யச் சட்டம் இடம் தராது. கனடா முழுவதும் மதிக்கப்படும் 'ரெட் சீல்' என்னும் தகுதி முத்திரையும் உண்டு. வெளிநாட்டில் தொழில் பயின்றவர்கள் தம் அனுபவத்தை எழுத்துச் சான்றுகளால் நிறுவி, தேர்வு எழுதித் தகுதி பெறும் வழியும் இருக்கிறது.

கனடா அரசின் திறன்தொழிலாளர் குடியேற்றத் திட்டத்திற்கும் விதிகள் தெளிவாக உள்ளன. விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தொழிலில் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். அவற்றோடு, ஓராண்டுக்குக் குறையாத வேலை உறுதியோ, அந்நாட்டு மாநிலமொன்றின் தொழில் தகுதிச் சான்றோ வேண்டும். இவற்றுள் எதையும் எட்டு லட்சம் கொடுத்து வாங்க இயலாது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரிலேயே இருக்கும் முதல்

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வழியே இல்லையா? உண்டு. அது நம் ஊரில்தான் தொடங்குகிறது.

அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் முதல் இன்றைய மின்னணுப் பாகங்கள் வரை இங்கே உருவாகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிகளில் பொக்லைனும் டிப்பரும் கிரேனும் ஓய்வின்றி இயங்குகின்றன. அந்த இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கைக்கும், ஆல்பர்ட்டாவின் சுரங்கத்தில் பழுது பார்க்கும் கைக்கும் தொழில் ஒன்றே, அளவுதான் வேறு.

நம் இளைஞர்களுள் பலரிடம் இல்லாதது திறமையன்று, திறமைக்கான தாள். பத்தாண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக வெல்டிங் செய்தவரிடம் ஒரு பணி நியமனக் கடிதம்கூட இராது. ஆகவே, இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தேசியத் தொழிற்சான்றிதழோடு நின்றுவிடாமல், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஏதேனும் ஓர் ஆலையில் அப்ரென்டிஸ் பயிற்சியையும் முடித்துச் சான்று பெறுதல் வேண்டும். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். வேலையை விட்டு விலகும்போது, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்குதல் வேண்டும். வெல்டர்கள் திருச்சி பெல் வளாகத்தில் 1975-இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் பயின்று தகுதிச் சான்று பெறலாம்.

இத்தாள்களுடன் ருவைஸ், ஜுபைல், அகமதி போன்ற வளைகுடாச் சுத்திகரிப்பு ஆலை நகரங்களுக்குச் செல்பவருக்கு அங்கும் மதிப்புண்டு. அங்கே பெறும் அனுபவம் பிறகு கனடாவிற்கு விண்ணப்பிக்கவும் உதவும். கனடா கைகூடாமற் போயினும் இச்சான்றுகள் வீணாகா. மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஒப்பந்தப் பணிக்கும், ஓசூர் ஆலைகளுக்கும் இவையே துணை.

ஏற்றமும் இறக்கமும்

இத்தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆல்பர்ட்டாவில் பல்லாயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் காட்டுத்தீ பரவி, ஃபோர்ட் மக்மரியிலிருந்து எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. ஓட்டுநர் இன்றித் தாமே இயங்கும் லாரிகளும் வந்துவிட்டன. எனவே வெறும் ஓட்டுநர் வேலையை நம்பிச் செல்வதைவிடப் பழுது பார்க்கும் தொழிலைக் கற்பதே மேல்.

குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். குடும்பத்தை நகரில் விட்டுவிட்டுத் தொழிலாளர் முகாம்களில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும். தொழுகைக்கும் உணவிற்கும் இடமிருக்குமோ என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஓர் ஆறுதல்: கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீத் 1938-இல் கட்டப்பட்டது, இதே ஆல்பர்ட்டாவின் தலைநகரான எட்மன்டனில்தான்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். முகவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. தமிழக அரசே 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்கி வருகிறது. அங்கும் விசாரிக்கலாம்.

கனடாவில் வெளிநாட்டவரைத் தற்காலிக வேலைக்கு அமர்த்தும் முதலாளி, பெரும்பாலும் 'எல்.எம்.ஐ.ஏ.' என்னும் அனுமதியை அந்நாட்டு அரசிடம் பெற வேண்டும். அதற்கான கட்டணம் ஆயிரம் டாலர். அதை முதலாளியே செலுத்த வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஆல்பர்ட்டாவின் சட்டமும் வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. எனவே "எல்.எம்.ஐ.ஏ.வுக்குப் பணம் கொடுங்கள்" என்பவரும், "முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவரும் உங்களைப் படுகுழிக்கே அழைக்கின்றனர் என்று அறியுங்கள்.

வாசகர்களே! வட்டிக்கு வாங்கிய கடனோடு விமானம் ஏறுபவன் முதல் மூன்றாண்டுகள் பிறருக்காகவே உழைக்கிறான். கடிதம் போலி என்றாகிவிட்டால், அவன் ஏறாத விமானத்திற்கும் வீட்டார் வட்டி கட்டுகின்றனர். கையில் தொழிலும் பெட்டியில் சான்றிதழும் உள்ளவனுக்கோ, ஒரு கதவு மூடினால் வேறொரு கதவு இருக்கிறது. அடுத்த முறை அந்தத் தெரிந்தவர் திண்ணைக்கு வரும்போது, எட்டு லட்சத்தைப் பற்றிப் பேசுமுன் அவரது பதிவு எண்ணைக் கேளுங்கள். பிள்ளையிடம் அவன் சான்றிதழ்க் கட்டைக் கேளுங்கள். வளையல்கள் தாயின் கையிலேயே இருக்கட்டும்.