ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி திணறுகிறதா?

பறித்த காய்கறி ஏலம் தொடங்குமுன் சந்தை போய்ச் சேர வேண்டும். நேரம் தவறினால் விலை விழும். வெயிலில் நின்றால் சரக்கும் வாடும். ஆகவேதான் சிறு விவசாயிகள் பலர் தனியாகவோ, நாலைந்து பேர் கூட்டாகவோ சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. "மிதித்தால் உடனே இழுப்பதில்லை, கொஞ்சம் திணறிவிட்டுப் பிறகுதான் எடுக்கிறது" என்பதே அது.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. பாரத்துடன் நெடுஞ்சாலையைக் கடக்கும்போதும், முன்னே போகும் பஸ்ஸை முந்தும்போதும் அந்தச் சிறு தயக்கம் உயிருக்கே ஆபத்தாகும். அதே சமயம், "சென்சார் போய்விட்டது" என்று பட்டறையில் சொன்ன மாத்திரத்தில் புதிது வாங்கி மாட்டிவிடவும் கூடாது. பணம் கொடுத்துச் சென்சாரை மாற்றிய பிறகும் குறை அப்படியே இருக்கும். கடைசியில் ஏர் பில்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி மண் இருக்கும். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்வதே சரியான முறை.

எந்த வண்டியில் சென்சார் உண்டு?

கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டியில் சென்சார் கிடையாது. மிதித்தவுடன் காற்று வேகமாக உள்ளே பாயும். பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பக் கார்புரேட்டரிலேயே ஒரு சிறு பம்பு கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. அதன் ரப்பர் கெட்டாலோ, துவாரம் அடைத்தாலோ வண்டி திணறும்.

இன்ஜெக்ஷன் முறையில் ஓடும் பெட்ரோல் வண்டியில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறது. காற்று புகும் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது த்ராட்டில் சென்சார். காமன் ரெயில் டீசல் வண்டியிலும், ஒயர் மூலம் கட்டளை போகும் புதிய பெட்ரோல் வண்டியிலும் காலடியில் உள்ள பெடலிலேயே ஒரு சென்சார் இருக்கும். இவை தவறான சேதி கொடுத்தால் கம்ப்யூட்டர் தவறான அளவில் எரிபொருள் கொடுக்கும்.

நாலு சக்கர வண்டிகளுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது. இவற்றின் பின் வந்த எஞ்சின்களில் சென்சார்கள் அதிகம். ஆனால் சிறு விவசாயிகளிடம் உள்ள டிராக்டர்களில் பெரும்பாலானவை மெக்கானிக்கல் பம்பு உள்ளவை. அவை திணறினால் சென்சாரைத் தேட வேண்டியதில்லை. பில்டர், டீசல் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

குறை எஞ்சினில்தானா?

மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி மட்டும் நகரத் தாமதித்தால் அது கிளட்ச் வழுக்கல். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, நாலு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சின் சத்தமும் சேர்ந்து அமுங்கித் திணறினால்தான் குறை எஞ்சினில் இருக்கிறது.

டீசல் வண்டியானால் புகையைக் கவனியுங்கள். கரும்புகை தள்ளினால் காற்றுப் போதவில்லை. புகையே இல்லாமல் இழுப்பும் இல்லையென்றால் டீசல் போதவில்லை, அல்லது கம்ப்யூட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நின்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

காற்றும் எரிபொருளும்

வயல் வரப்பிலும் மண் பாதையிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டுள்ள கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. ஏர் பில்டரை அதற்கு முன்பே பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது நலம். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். டர்போ உள்ள வண்டியில் குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பசையும், மிதிக்கும்போது "உஸ்" என்ற சத்தமும் இருந்தால் காற்று கசிகிறது.

பெட்ரோல் வண்டியின் த்ராட்டில் கதவில் கரி படிந்தால், மிதித்த முதல் கணத்தில் ஒட்டிக்கொண்டு விடும். இது சென்சார் குறை போலவே தோன்றும். இதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

கேனில் வாங்கிச் சேமித்து வைக்கும் டீசலில் தண்ணீரும் தூசியும் சேர்வது சாதாரணம். சந்தேகமிருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும். சமதரையில் நன்றாக ஓடி, பாரத்துடன் மேடு ஏறும்போது மட்டும் திணறும் வண்டியில் முதலில் பில்டர் அடைப்பையே சந்தேகிக்கலாம். பெட்ரோல் வண்டியில் இதோடு ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் உண்டு. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் குட்டை ஓட்டமாக ஓடினால் அது அடைத்து இழுப்புக் குறையும். டாஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்ட வேண்டும்.

ஒயரும் எலியும்

களத்திலும் கொட்டகையிலும் நிற்கும் வண்டிக்கு எலி பெரிய பகை. சென்சார் நன்றாக இருக்கும்; அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கும். பானட்டைத் திறந்து ஒயர்க் கட்டு முழுவதையும் வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்குகளைச் சாவி அணைத்த நிலையில் கழற்றி, உள்ளே பச்சைப் பூப்பு, ஈரம், வளைந்த முள் உண்டா என்று கவனியுங்கள். பாட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரின் நட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீண்டும் இறுக்குங்கள். குழியில் இறங்கி ஏறும்போது மட்டும் திணறல் வந்தால் பெரும்பாலும் ஒயர்க் குறைதான்.

சென்சாரைச் சோதிக்கும் முறை

மேலே சொன்ன யாவும் சரியென்றால் பிறகு சென்சாருக்கு வரலாம். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சாதாரண த்ராட்டில் சென்சாருக்கு மூன்று ஒயர்கள். ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சேதி கொண்டு போகும் ஒயர்.

சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரி மைனஸிலும், சிவப்பு முனையைச் சேதி ஒயரின் பின்புறத்திலும் வையுங்கள். பெடலை விட்ட நிலையில் ஏறக்குறைய அரை வோல்ட் காட்டும். ஒருவரை மிகமெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். வோல்ட் சீராக ஏறி, முழுதும் மிதித்தபோது 4 முதல் 4½ வரை வர வேண்டும். இடையில் திடீரென்று விழுந்து மீண்டும் ஏறினால் உள்ளே உள்ள தடம் தேய்ந்துவிட்டது. வண்டி எப்போதும் ஒரே மிதி அளவில் திணறுவதற்கு இதுவே காரணம். எண் காட்டும் மீட்டரில் இந்த விழுதல் தெரியாமல் போகலாம். பழைய முள் மீட்டரில் முள் துள்ளுவது நன்றாகத் தெரியும்.

5 வோல்ட்டே வரவில்லையென்றால் குறை சென்சாரில் இல்லை. ஒயரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. பெடல் சென்சாரில் ஒன்றையொன்று சரிபார்க்க இரண்டு தடங்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துவிடும். இதைச் சோதிக்க அந்த வண்டிக்குரிய அளவுகள் தெரிந்த மெக்கானிக்கே தேவை.

எஞ்சின் விளக்கு எரிந்தால்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் குறை எண் தெரியும். பி 0121, பி 0122, பி 0123 ஆகியவை த்ராட்டில் சென்சார் வழியைச் சேர்ந்தவை. பி 2138 பெடல் சென்சாரின் இரு தடங்களும் ஒத்துப்போகாததைக் காட்டுவது. ஆனால் இந்த எண், குறை எந்த வழியில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். கடித்த ஒயருக்கும், கெட்ட சென்சாருக்கும் ஒரே எண் வரலாம். எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளாமல் பாட்டரியைக் கழற்றினால் தடயம் அழிந்துபோகக் கூடும்.

செய்யக் கூடாதவை

பழைய டிராக்டரில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். கசியும் துளி தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மோட்டாரால் திறக்கும் த்ராட்டில் கதவில் சாவி போட்ட நிலையில் விரலை விடக் கூடாது. சென்சார் ஒயரை ஊசியால் குத்திப் பார்க்கக் கூடாது. மழைக்காலத்தில் அந்தத் துளை வழியாக நீர் இறங்கித் துரு ஏறும்.

பட்டறைக்குப் போகுமுன்

திணறல் எப்போது வருகிறது என்பதை நாலு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பின்பா? காலி வண்டியிலா, பாரத்திலா? எந்தக் கியரில்? புகை என்ன நிறம்? கடைசியாக டீசல் எங்கே பிடித்தது? பில்டர் எப்போது மாற்றியது? மெக்கானிக்கின் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். சென்சாரை மாற்றத்தான் வேண்டும் என்றால், மீட்டரில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.