மூடியைத் திறக்க ஒரு நேரமுண்டு

பாடசாலை விடுமுறையில் ஒருநாள், நண்பர் ஒருவரின் குடும்பத்தாருடன் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். வண்டி, 1965ஆம் ஆண்டில் செய்யப்பட்ட லாண்ட் றோவர். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்த அவ்வினம், இன்றும் நம் நாட்டின் தோட்டப் பாதைகளில் ஓடிக்கொண்டிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அன்று காலை வண்டி நின்ற இடத்தில் கையகல ஈரம் கிடந்தது. அதை நாம் சுட்டிக்காட்டியபோது, "கிழவனுக்குக் கொஞ்சம் வியர்வை" என்று நண்பர் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

புசல்லாவையைக் கடந்து இறம்பொடை ஏற்றத்தில் வண்டி முனகத் தொடங்கிற்று. வெப்பங்காட்டியின் முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது. நண்பரின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. ஆனால் சற்று நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. "பார்த்தீர்களா, கிழவன் சமாளித்துக்கொண்டான்!" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் கைகொட்டினார்கள்.

அந்த மகிழ்ச்சி எமது அறியாமையே. வெப்பங்காட்டியின் முனை தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மை பேசும். தண்ணீர் ஒழுகிக் குறைந்து, முனை வெறுவெளியில் நின்றால், இயந்திரம் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிவிடக்கூடும். அடுத்த வளைவில் முன்புறத்திலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது. தெருவோரத் தேநீர்க் கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினோம்.

நண்பரின் மகன் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவன். எவரும் சொல்லுமுன்னே பழந்துணி ஒன்றை எடுத்து, றேடியேற்றர் மூடியின்மேல் போட்டுத் திருகக் கைவைத்தான்.

"தம்பி, கைய எடுங்க! மொகம் வெந்து போயிரும்!"

கடைக்காரப் பெரியவரின் குரல் அது. பையன் துள்ளிப் பின்வாங்கினான். அந்தக் குரல் ஒரு கணம் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் எமக்கு நெஞ்சம் நடுங்குகிறது.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காற்றின் அழுத்தம் குறைவாதலால், 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். இதற்கு மாற்றாகவே றேடியேற்றரை அழுத்தமூடியால் அடைத்து வைக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், கடல் மட்டத்தில் தண்ணீர் 115 பாகையளவு வரை கொதிக்காது நிற்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் அகலும். அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒருங்கே பொங்கி முகத்தில் பாயும். பாடப் புத்தகத்தில் இதைப் படித்திருந்த பையன், பெரியவர் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பேசாது உட்கார்ந்திருந்தான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். குழாய்கள் கைக்குச் சூடற்றுப் போனபின், நண்பர் முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதற் படிவரை மெல்லத் திருகினார். எஞ்சிய ஆவி சீறி அடங்கிற்று. அதன்பின்பே முழுவதும் திறந்தார்.

இனி ஒழுக்கு எங்கே என்று தேடவேண்டும். இறப்பர்க் குழாய்கள், அவற்றை இறுக்கும் பட்டிகள், அடியிலுள்ள வடிகுழாய், தண்ணீர்ப் பம்பு ஆகிய யாவற்றையும் தடவிப் பார்த்தோம். அவை நன்றாயிருந்தன. மேற்றொட்டியும் நடுவிலுள்ள சிறு குழாய்களும் சேரும் பொருத்தில் மட்டும், காய்ந்த நீரின் வெண்பச்சைக் கறை கோடிட்டிருந்தது. பழைய றேடியேற்றர் பித்தளையாலும் செம்பாலும் ஆனது. அவற்றை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு பிணைத்து வைத்திருக்கிறது. மேடுபள்ளங்களில் வண்டியின் சட்டம் முறுகும்போதெல்லாம் அந்தப் பற்றும் அசைகிறது. பல்லாண்டுகள் அசைந்தபின் மயிரிழை போல வெடிப்புக் காண்பதில் வியப்பில்லை.

பெரியவர் ஒரு முட்டையைக் கொண்டுவந்து, உடைத்து உள்ளே ஊற்றச் சொன்னார். பழைய சாரதிகளின் கைவைத்தியம் அது. வெள்ளைக்கரு சூட்டில் இறுகிச் சிறு துளைகளை அடைக்கும். ஆனால் நல்ல குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். ஆகவே முட்டையை அன்புடன் மறுத்து, சவர்க்காரத் துண்டு ஒன்றை வாங்கி, வெடிப்பைத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் அழுத்தித் தேய்த்தோம். இயந்திரம் நன்றாக ஆறிய பிறகே தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடித்துவிடலாம். அழுத்தம் ஏறாதிருக்கும்பொருட்டு மூடியை முதற் படியிலேயே விட்டோம்.

நுவரெலியா இன்னும் சிறிது தூரந்தான். பிள்ளைகள் கெஞ்சினார்கள். ஆயினும் ஏற்றத்தில் இயந்திரத்துக்குப் பாரம் மிகுதி, இறக்கத்தில் குறைவு. நண்பர் வண்டியைத் திருப்பினார். பலமுறை நின்று நீர் பார்த்துக் கண்டி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் கராச்சில் றேடியேற்றரைக் கழற்றி, வாய்களை அடைத்து, உள்ளே காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பது போலத்தான். குமிழி எழுந்த இடத்தைச் சுரண்டித் துப்புரவாக்கிப் புதிதாகப் பற்றவைத்தார்கள். குழாய்களே இற்றுப்போயிருந்தால் நடுப்பகுதி முழுவதையும் மாற்றவேண்டியிருந்திருக்கும். பின்னர் வெறுந்தண்ணீருக்குப் பதிலாகக் கிளைக்கோல் சேர்ந்த குளிர்நீரை நிரப்பினார்கள். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் எத்திலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வீட்டு நாய்க்கும் எட்டாதபடி அதைப் பூட்டி வைத்தல் வேண்டும். நிலத்தில் சிந்தினால் உடனே கழுவிவிடல் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் மீண்டும் புறப்பட்டோம். காலையில், எவரும் ஏவாமலே, நண்பரின் மகன் வண்டியின் கீழே குனிந்து நிலம் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். ஆறிய மூடியைத் திறந்து நீர்மட்டமும் பார்த்தான். இறம்பொடையில் அதே கடையில் தேநீர் அருந்தினோம். பெரியவருக்கு எம்மை நினைவில்லை. பையன் மட்டும் எழுந்து சென்று, அவர் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொன்னான்.

வியர்வையென்று நாம் சிரித்த அந்தக் கையகல ஈரத்தை அன்றே குனிந்து பார்த்திருந்தால், அவனுக்கு அந்த நன்றிக்கடன் ஏற்பட்டிராது.